வானகரத்து இளம் காரியதரிசிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வானகரத்தில் மீன் சந்தையை நம்பிப் பிழைப்பவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவரும் உங்கள் சங்கத்துக்கு நீ காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அறிந்து மனம் நிறைந்தேன். அந்தப் பதவியில் அமர்கிறவன் எதை முதற் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது குறித்து எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிதி திரட்டுவதே நிர்வாகக் குழுவின் தலையாய வேலை என்று பலர் உனக்குச் சொல்வார்கள். பணம் வேண்டியதுதான். ஆனால், நூறு ரூபாய் கொடுத்தவருக்கு அக்கணமே ரசீது எழுதும் ஸ்தாபனங்கள், தம்முடைய ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வந்தவரை என்ன செய்கின்றன என்று கவனித்துப் பார். பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், எந்த வகுப்பு, எந்தப் பாடம், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லாமையால் வராந்தா நாற்காலியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, தலைவருடன் நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவாராயின், மறுவாரம் அவர் வரமாட்டார். அவருக்குச் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று குழுவில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகிலும் லாரியிலும் உணவுப் பொட்டலங்களோடு சென்ற இளைஞர் கூட்டத்தைச் சென்னை முழுவதும் கண்டோம். நீர் வடிந்தபின் அவர்களில் பெரும்பாலோரை நாம் இழந்ததற்கு அவர்கள் உற்சாகத்தின் குறைவைக் காட்டிலும் நம்முடைய ஏற்பாட்டின் குறைவே காரணம் என்பது என் துணிபு.

வந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு உதாரணமாக, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சரித்திரத்தை நீ அவசியம் படிக்க வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். 1968-ல் அவர் மறைந்தபோது அது தளரவில்லை. ஏனெனில் அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து அந்த வளாகத்தையே தம் இல்லமாக்கிக்கொண்ட டாக்டர் சாந்தாவும், ஸ்தாபகர் இருந்த காலத்திலேயே அந்த ஸ்தாபனத்தின் பாரத்தைத் தோளில் ஏற்றுப் பழகியிருந்தார்கள். வேலையோடு பொறுப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் பகிர்ந்து கொடுத்ததன் பலன் அது.

நம்முடைய சங்கங்களிலோ, தலைவர் ஆயுட்காலத் தலைவராகிவிடுகிறார். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நிர்வாகக் குழுவினரின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்று விதித்திருக்க, அதே பெயர்களையே மறுபடியும் மறுபடியும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வீட்டுக்கு வீடு அனுப்பிக் கையெழுத்து வாங்கிச் சட்டத்தைத் திருப்திப்படுத்துகிறோம். அவ்விதம் வரும் புத்தகத்தில், கூட்டம் நடவாமல் நீ ஒருபோதும் கையெழுத்திடாதே. மூத்தவர்கள் வருந்தினாலும் பணிவோடு மறுத்துவிடு.

வருகிற பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது, அவ்வாண்டில் எந்தெந்தத் தொண்டர் எத்தனை மாலைப் பொழுதுகளை வகுப்புக்குக் கொடுத்தார் என்ற கணக்கையும் சேர்த்து வாசி. அவர்களுள் இருவரையேனும் குழுவுக்கு முன்மொழி. ஒருவர் அந்தச் சந்தைப் பிள்ளைகளின் தாய்மாரிலிருந்து வரட்டும். பொருளாளருக்கு அடுத்து வரவு செலவுக் கணக்கை யார் எழுதப் பழகுகிறார் என்பதை எனக்குத் தெரிவித்துக் கடிதம் எழுது.

உன் நலம் நாடும்,
அண்ணன்