ஆடிப் பார்த்தோம், கேட்டுப் பார்த்தோமா?

'என்ஜாய் எஞ்சாமி' போட்டால் போதும், காலு தானா தாளம் போடும். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி வந்த தனிப்பாடல். இசை சந்தோஷ் நாராயணன், காட்சி இயக்கம் அமித் கிருஷ்ணன்.

"இது கொண்டாட்டப் பாட்டுடா" என்பான் ஒருவன். "இல்லடா, ஒப்பாரி" என்பான் இன்னொருவன். இரண்டும் சரிதான்! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டு, ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லாமல் ஊர் திரும்பிய அறிவின் பாட்டிதான் இப்பாட்டின் வேர். காட்சியில் அந்தப் பாட்டியே கம்பீரமாக வருகிறார். தாளம் ஆடச் சொல்லுது. காட்சி யோசிக்கச் சொல்லுது.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரசிகர்கள் கொதித்தனர், இயக்குநர் பா. ரஞ்சித்தும் கேள்வி கேட்டார். பிறகே அறிவுக்கும் அட்டை வந்தது.

ஆகவே நண்பர்களே, எந்தப் பாட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கதை யாருடையது? சொல்வது யார்? பேர் யாருக்குப் போகிறது? நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட்டில் ஒருத்தன் பேரு விட்டுப்போனா நாம சும்மா இருப்போமா?