ஊரின் இசைக்கு ஓர் இணையப்பக்கம்

தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்: தரம் 10, 11
செயற்றிட்ட வழிகாட்டி



உடுவிலில் வாழும் தரம் 11 மாணவி ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை. பின்னேரம் தனியார் வகுப்பு. கிழமையில் இரண்டு நாள் சங்கீத வகுப்பு; வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சை நெருங்கினால் அது மூன்று நாளாகும். இரவில், செய்யத் தொடங்கிய இணையப்பக்கம் ஒன்று கணினியிற் பாதியில் நிற்கும். "சோதனை வருகுது, இதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்று வீட்டிற் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. க.பொ.த. சாதாரண தரத்திற்கு ஒன்பது பாடங்கள். நாளுக்கு 24 மணித்தியாலம்தான்.

இவ்வழிகாட்டி கூறும் வழி இது: பாடம், இசை, இணையம் ஆகிய மூன்றும் ஒரே செயற்றிட்டத்திற் சேரட்டும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் ஆறு கிழமை போதும். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் நீங்கள் செய்யும் கணக்கும் எழுதும் குறிப்பும் பரீட்சைக்கும் உதவும்.

1. தலைப்பைச் சுருக்குக

"ஈழத்துத் தமிழர் இசை" என்பது ஒரு நூலுக்குரிய தலைப்பு. "எமது கோயில் திருவிழாவில் தவில்" என்பது ஓர் இணையப்பக்கத்திற்குப் பொருந்தும்.

உடுவிலைச் சூழத் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. இணுவில், தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்குப் பேர்போன ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) அவ்வூர்க் கலைமரபில் வந்தவர். அளவெட்டியில் நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதன் (1931–2003) வாழ்ந்தார். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய மகளிர் கல்லூரி உள்ளது. அவர் பெயரால் 1960 இல் அங்கு தொடங்கிய இசைப் பயிற்சிக்கூடம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. உடுவில் மகளிர் கல்லூரி 1824 இல் அமெரிக்க மிசனால் தொடங்கப்பட்டது. கிறிஸ்தவத் தமிழ்ப் பாடல்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு இப்பகுதித் தேவாலயங்கள் நல்ல களம்.

இவ்வேலையை ஏன் பிற்போடக் கூடாது? ஒரு கழித்தற் கணக்குச் செய்யுங்கள். தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவ்வாண்டில் அவரது தவிலைக் கேட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவர் இன்று அறுபதைக் கடந்தவர். நேரிற் கேட்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும். உங்கள் அயலில் அப்படி ஒருவர் இருந்தால் இவ்வாண்டே அவரிடம் செல்லுங்கள்.

2. தகவலைத் திரட்டுக

ஒவ்வொரு தகவலையும் ஒரு சிறு தாளில் எழுதுக. தாளின் மேல் மூலையில் பின்வருவனவற்றுள் ஒன்றைக் குறிக்குக:

கண்டது – நீங்களே நேரிற் பார்த்தது.
கேட்டது – ஒருவர் சொன்னது. சொன்னவர் பெயர், திகதி, இடம் தேவை.
வாசித்தது – நூல், மலர், பத்திரிகை என்பவற்றிலிருந்து பெற்றது. தலைப்பு, ஆண்டு, பக்கம் தேவை.

இம்மூன்றில் எதுவும் பொருந்தாத தகவலை இணையப்பக்கத்திற் சேர்க்க வேண்டாம்.

தந்தவர் பெயரைக் குறிக்கும் வழக்கத்திற்கு உடுவிலோடு தொடர்புடைய பழைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. உடுவில் மிசன் நிலையத்திற் பணியாற்றிய மிரோன் வின்சுலோ, 1862 இல் சென்னையில் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் 67,000 இற்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அவ்வளவையும் அவர் தனியே திரட்டவில்லை. யோசேப் நைற் என்பவரும் பிறரும் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைப் பயன்படுத்தியதை அகராதியின் முகப்பிலேயே அச்சிட்டார். உங்கள் பக்கத்தின் அடியிலும் "தகவல் தந்தோர்" என்ற வரி இருக்கட்டும்.

நூல் கிடைக்காதவர்கள் நூலகம் திட்டத்தை நாடலாம். ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிற் பேணும் இம்முயற்சி 2005 இல் தொடங்கியது. கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய சஞ்சிகைகள் பலவற்றை அங்கு இலவசமாக வாசிக்கலாம்.

3. தமிழை ஒருங்குறியில் எழுதுக

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தால் திரையிலே தமிழ் தெரியும். ஆனால், நினைவகத்திற் பதிவது ஆங்கில எழுத்துகளுக்குரிய குறிகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியிற் பக்கம் குழம்பும். தேடுபொறியிலே தமிழ்ச் சொல்லைக் கொடுத்தாலும் அகப்படாது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு. ஆகவே எக்கணினியிலும் அது தமிழே.

எடுத்துக்காட்டு: "உடுவில்" என்ற சொல்லில் நாம் காணும் எழுத்துகள் நான்கு (உ, டு, வி, ல்). கணினி சேமிக்கும் குறிகள் ஏழு: உ, ட, உகரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. யூ.ரி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைற்று. எனவே 7 × 3 = 21 பைற்று.

4. ஒலியின் அளவைக் கணிக்குக

இசையைப் பற்றிய பக்கத்தில் ஒலி இருத்தல் நன்று. அதன் கோப்பு பெரிதானால் கைத்தொலைபேசியிற் பார்ப்பவர் காத்திருந்து சலித்துவிடுவார். அளவை முன்னரே கணிக்கலாம்.

வினா: மூன்று நிமிடத் தவில் வாசிப்பு இறுவட்டுத் தரத்திற் பதிவாகிறது. மாதிரியெடுப்பு வீதம் செக்கனுக்கு 44,100. ஒரு மாதிரிக்கு 16 பிற்று. ஒலிவழிகள் 2. கோப்பின் அளவு யாது?

விடை:
செக்கனுக்கு: 44,100 × 16 × 2 = 14,11,200 பிற்று
8 ஆல் வகுக்க: 1,76,400 பைற்று
180 செக்கனுக்கு: 1,76,400 × 180 = 3,17,52,000 பைற்று
(1 மெகாபைற்று = 10,48,576 பைற்று எனக் கொண்டால், ஏறத்தாழ 30.3 மெகாபைற்று)

இதே வாசிப்பை செக்கனுக்கு 1,28,000 பிற்று என்ற அளவில் எம்.பி.3 ஆகச் சுருக்கினால்:
1,28,000 ÷ 8 × 180 = 28,80,000 பைற்று (ஏறத்தாழ 2.75 மெகாபைற்று)

செக்கனுக்கு 20 இலட்சம் பிற்று செல்லும் இணைப்பிலே முதற் கோப்பு வர ஏறத்தாழ 127 செக்கன் ஆகும்; இரண்டாவதற்கு 12 செக்கன் போதும். சுருக்கும்போது ஒலியின் சில நுண்மைகள் இழக்கப்படும். அவற்றை மீட்க முடியாது. ஆகவே சுருக்கிய கோப்பைப் பக்கத்தில் இடுக. மூலக் கோப்பை அழிக்காது பேணுக.

5. அனுமதி பெறுக

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓர் ஆக்கத்தின் பதிப்புரிமை ஆக்கியோனின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். மேடையில் வாசிக்கும் கலைஞருக்கும் தமது வாசிப்பின் மீது உரிமை உண்டு. எனவே திருவிழாவில் வாசித்ததைப் பதிவுசெய்து பக்கத்தில் இட விரும்பினால், முதலில் அக்கலைஞரிடம் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் அதனை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுக. மறுத்தால் ஒலியை விட்டு, எழுத்தில் மட்டும் விளக்குக. பெரியவர்களின் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் என்பவற்றைப் பக்கத்தில் இட வேண்டாம்.

6. படிகளை வேறுவேறு இடத்தில் வைக்குக

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. அச்சிழப்பு நமக்குத் தரும் பாடம் எளியது: ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் இல்லாமற் போகலாம். கணினியில் ஒரு படி, பென் டிரைவில் ஒரு படி, பாடசாலை நூலகத்தில் ஒரு படி என மூன்றேனும் இருக்கட்டும்.

நினைவிற் கொள்க

• தலைப்பு சிறிதாகவும் தகவல் திருத்தமாகவும் இருத்தல் வேண்டும்.
• தகவலைத் தந்தவர் பெயர் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.
• படத்தின் அசைவும் நிறமும் இறுதியிற் செய்ய வேண்டியவை. நேரம் போதாவிட்டால் அவற்றை விடலாம். திகதியைச் சரிபார்ப்பதை விடலாகாது.
• பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களில் புதிய செயற்றிட்டம் தொடங்க வேண்டாம்.

பயிற்சி

1. "சங்கீதம்" என்ற சொல்லுக்கு யூ.ரி.எஃப்-8 முறையில் எத்தனை பைற்று தேவை?
2. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 அட்சரம். நிமிடத்திற்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் எத்தனை செக்கன்? மூன்று நிமிடத்தில் எத்தனை ஆவர்த்தனம்?
3. வினா 2 இன் ஓர் ஆவர்த்தனத்தை ஓர் ஒலிவழியில், 44,100 மாதிரி வீதத்திற் பதிந்தால் எத்தனை மாதிரிகள் எடுக்கப்படும்?
4. உங்கள் அயலில் உள்ள இசைஅறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்கக்கூடிய ஐந்து வினாக்களை எழுதுக. "ஆம்", "இல்லை" என்று விடை வரும் வினாக்களைத் தவிர்க்குக.

விடைகள்

1. குறிகள் 8 (ச, ங, புள்ளி, க, ஈகாரக் குறி, த, ம, புள்ளி), 24 பைற்று.
2. 60 ÷ 80 × 8 = 6 செக்கன்; 180 ÷ 6 = 30 ஆவர்த்தனம்.
3. 44,100 × 6 = 2,64,600 மாதிரிகள்.
4. இதற்குரிய விடை இப்புத்தகத்தில் இல்லை. வினாக்களை எழுதிய தாளோடு அப்பெரியவரிடம் சென்று கேட்டு, அவர் சொல்வதை அதே தாளில் எழுதி வருக.