தொட்டி வளராது, ஆமை வளரும்

மிருக வைத்தியர் பதில்கள்

நாய்க்காரர்களும் பூனைக்காரர்களும் இம்முறை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் குவிந்திருப்பவை எல்லாம் ஆமைக் கடிதங்கள். கண்டியில் சமதரை கிடைப்பதே கஷ்டம். கிடைத்த துண்டில் வீட்டைக் கட்டி, மிச்சத்துக்கு சீமெந்து பூசிவிடுகிறோம். பிறகு ஒரு ஆமையைக் கொண்டுவந்து, இதை எங்கே வைப்பது டொக்டர் என்று கேட்கிறீர்கள்.

கேள்வி: இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியபோது பத்து ரூபாக் குற்றி அளவில் இருந்த ஆமை, இப்போது என் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. தொட்டியின் அளவுக்குத்தான் வளரும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்கு மேல் வைக்க வீட்டில் இடமில்லை. என்ன செய்யலாம், டொக்டர்?
வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: கடையில் சொன்னது பொய். எந்த ஆமையும் தொட்டியைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்துவதில்லை. நெருக்கடியில் வளர்கிற ஆமைக்கு ஓடு கோணும், நகம் நீண்டு வளையும், காய வழியில்லாத ஓட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வளர்ச்சி நின்றுவிட்டது போலத் தெரிந்தால் அது நோய். அதைக் காட்டித்தான் அடுத்த ஆளுக்கும் சின்னத் தொட்டியை விற்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது செங்காது ஆமை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து நீராமை. பெண் என்றால் ஓடு மட்டும் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை போகும். ஆண் சற்றுச் சிறிது. ஒழுங்காகப் பார்த்தால் இருபது, முப்பது வருடம் இருக்கும். மகளின் பிள்ளைகளும் இதே ஆமைக்குக் கீரை நறுக்க வேண்டி வரலாம்.

இடம் என்றதும் எல்லோரும் அடிமட்டத்தைத் தூக்குகிறீர்கள். நீள அகலக் கணக்கும் இருக்கிறது, சொல்கிறேன்: ஓட்டின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு நீளம், இரண்டு மடங்குக்குக் குறையாத அகலம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்த இடத்துக்குள் எத்தனை விதமான இடம் இருக்கிறது என்பதை. நீந்த ஆழமான தண்ணீர். ஏறி இருந்து வயிற்றுப்பக்கம் வரை காய ஒரு மேடை. அந்த மேடையில் நேரே விழுகிற வெயில். வெயில் போதும் என்று பட்டால் ஒதுங்க நிழல். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது தின்றதைச் செரிக்கிறது, நோயைத் தாங்குகிறது. எங்கும் ஒரே சூடாக இருக்கிற ஆறடித் தொட்டியை விட, இந்த நாலும் உள்ள மூன்றடித் தொட்டி எவ்வளவோ மேல்.

உங்கள் கண்ணாடித் தொட்டியை யன்னலோரம் வைத்திருப்பீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தே சொல்லலாம். யன்னல் கண்ணாடி, ஆமைக்கு வேண்டிய புறஊதாக் கதிரைத் தடுத்துவிட்டு, சூட்டை மட்டும் உள்ளே விடும். அந்தக் கதிர் படாமல் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது. அது இல்லாமல் கல்சியம் ஓட்டில் சேராது. விரலால் அமத்தினால் அமுங்குகிற ஓட்டோடு ஆமையைத் தூக்கி வருகிறவர்கள், வெயிலில்தானே வைத்தோம் என்று சத்தியம் செய்கிறார்கள். சாத்திய யன்னலுக்குப் பின்னால்! அதற்காகக் கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி நேர் வெயிலில் வைத்தும் விடாதீர்கள். நடுப்பகலில் தண்ணீர் கொதித்து ஆமை செத்துப்போகும்.

பெல்கனி இருக்கிறதா? இருந்தால் கண்ணாடியை மறந்துவிடுங்கள். பழைய 1000 லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்றைத் தேடிப் பிடித்து, அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சுற்றிவர அறுத்து, விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து எடுங்கள். ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்தில் வட்டத் தொட்டி ஒன்று கையில். இரண்டு புளொக் கல்லை அடுக்கி மேலே ஒரு பலகையைச் சரிவாக வையுங்கள். ஒரு நுனி தண்ணீருக்குள், மறு நுனி வெளியே. பலகைக்குப் பதிலாக வெறும் கொங்கிரீட் வேண்டாம். ஏறி இறங்கியே வயிற்றோடு தேய்ந்து புண்ணாகும். வழுக்குகிற டைல்ஸும் வேண்டாம், ஏறவே முடியாது. வெயில் சாய்கிற பக்கமாக ஒரு தகரத்தையோ பலகையையோ மறைப்பாகக் கட்டுங்கள்.

தண்ணீர் ஆழமாக இருந்தால் மூழ்கிவிடுமே என்று பயந்து இரண்டு அங்குலம் ஊற்றுகிறவர்கள் அநேகம். அது நீராமை! மல்லாந்து விழுந்தால் புரண்டு நிமிர, ஓட்டின் அகலத்தை விட ஆழமான தண்ணீர் வேண்டும். ஓரடி ஆழத்துக்கு நிரப்பினால் 230 லீற்றர் வரும். அதாவது 230 கிலோ. பெல்கனியின் வெளி விளிம்பில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள். தீனியை வேறு பேசினில் போட்டால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் நாறாது. மாற்றுகிற தண்ணீரைப் பூச்சாடிகளுக்கு ஊற்றலாம்.

மேலே கம்பி வலை கட்டாயம். காகம் ஒரு பக்கம் இருக்க, கண்டிக் குரங்குக்கு பெல்கனி ஏற யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீரைச் சூடாக்க ஹீற்றர் வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், கண்டிச் சுவாத்தியத்துக்கு வருடத்தில் பெரும்பகுதிக்கு அது தேவைப்படாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். நுவரெலியாக்காரர்கள் இந்த வரியைப் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கணக்கு வேறு.

பெல்கனியும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை என்றால், அந்த ஆமைக்கு உங்கள் வீட்டில் இடமில்லை. சுற்றுமதிலும் சிறு குளமும் உள்ள யாராவது ஒருவரைத் தேடுங்கள். கெதியில் தேடுங்கள்.

கேள்வி: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமி ஒரே சண்டை. உண்மையா?
மருமகள் ஒருத்தி, கம்பளை

பதில்: ஆமை வந்து கெட்ட வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து கெட்ட ஆமைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமி சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் செங்காது ஆமையை இனி வைத்திருக்க முடியாது. கண்டி வாவியில் விட்டால் அதற்கும் சுதந்திரம், எங்களுக்கும் புண்ணியம். அங்கே ஏற்கெனவே ஆமைகள் இருக்கின்றனவே?
வாசகர், கண்டி

பதில்: இருக்கின்றன என்பதால்தான் விடக்கூடாது. நம் நாட்டுக் கறுப்பாமையும் பால் ஆமையும் இருக்கிற தண்ணீர்கள் இவை. இலங்கைப் பால் ஆமை உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். செங்காது ஆமை கண்டதையும் தின்னும், வெயில் காய்கிற கல்லையும் கட்டையையும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும், தன் நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்து அந்த வாவியைக் கட்டத் தொடங்கியது, இருநூறு வருடம் கழித்து நாம் தொட்டியைக் காலிசெய்வதற்காக அல்ல. விகாரைக் குளமும் கோயில் கேணியும் மகாவலியும் அப்படியே. உயிரை விடுவித்த புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறீர்கள், புரிகிறது. அந்தப் புண்ணியக் கணக்கில் வாவியில் சாகிற மற்ற உயிர்களை யார் எழுதுவது?

கேள்வி: மன்னாரிலிருந்து என் மாமா நட்சத்திர ஆமை ஒன்று கொண்டுவந்து தந்தார். மஞ்சள் கோடுகளோடு வடிவான ஆமை. நாலடிக்கு இரண்டடியில் கூடு அடித்தால் போதுமா?
வாசகர், அம்பிட்டிய

பதில்: கூடு அடிக்காதீர்கள். 1992 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் அது. நட்சத்திர ஆமை இந்த நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், மாமா தந்தாலும் சரி. 2019இல் அதன் சர்வதேச வியாபாரத்துக்கும் முழுத் தடை வந்துவிட்டது. அத்தனை பேர் கடத்துகிறார்கள்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அது வறண்ட பிரதேசத்து ஆமை. மன்னார், புத்தளம், யால போன்ற முட்பற்றை நிலத்தில் காய்ந்த புல்லை மேய்ந்து நடக்கிற பிராணி. அதை அம்பிட்டிய மழையிலும் பனியிலும் ஈர மண்ணில் வைத்தால் மூக்கில் நீர் வடியும், வாயைத் திறந்து மூச்சு விடும், நியூமோனியா வரும். உங்கள் நாலடிக் கூட்டை நாற்பது அடியாக்கினாலும் இந்த ஈரம் போகாது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நீங்களே பஸ்ஸில் கொண்டுபோய் ஏதாவது காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் இருந்த ஆமை நோய் கொண்டுபோகும். திணைக்களத்திடமே கொடுங்கள்.

கேள்வி: பேராதனையில் போர்டிங்கில் இருந்து படிக்கிறேன். அறையில் சிறிய ஆமை ஒன்று வளர்க்கலாமா?
மாணவன்

பதில்: நாலு வருடத்தில் நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். ஆமை போகாது. வேண்டாம்.

கேள்வி: முற்றத்தில் விட்டால் ஓடிவிடுகிறது. ஓட்டின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு நூலில் கட்டினால் நோகுமா? சிலர் அப்படிச் செய்கிறார்கள்.
வாசகர், மாத்தளை

பதில்: நோகும். ஓடு என்பது சட்டை அல்ல, எலும்பு. முதுகெலும்பும் விலாவெலும்பும் அதோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, நரம்பும் இரத்தமும் ஓடுகின்றன. துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தவர்களுக்கு என் பதில் பத்திரிகையில் அச்சடிக்க முடியாதது. ஒன்றரை அடி உயரத்துக்குப் புளொக் கல் வையுங்கள். உள்ளிருந்து வெளியே தெரியாத சுவராக இருக்கட்டும். கம்பி வலையூடாக வெளி தெரிந்தால் ஆமை அந்த ஒரே இடத்தில் நாள் முழுக்க மூக்கை உரசிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: ஆறு வயதுச் செங்காது ஆமை. இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை. பின்னங்காலால் தொட்டியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது, ஏறி வெளியே விழப் பார்க்கிறது. வைத்திருப்பது ஒன்றே ஒன்று. இடம் போதாமல் பைத்தியம் பிடித்துவிட்டதா? பயமாக இருக்கிறது.
வாசகி, குண்டசாலை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பெரும்பாலும் முட்டை. ஆண் இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டை போடும், கோழி போடுகிறதே அது போல. குஞ்சு வராது, அவ்வளவுதான். ஆனால் அதைப் போட மண் வேண்டும். தண்ணீருக்குள் போட அதற்கு மனம் வராது, அடக்கிக்கொண்டே இருந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெரிய பேசின் ஒன்றில் ஓரடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவுக்கு ஈரமாக்கி, ஆமையை அதில் விட்டு, எட்டிப் பார்க்காமல் இருங்கள். பிள்ளைகள் சுற்றி நின்றால் தோண்டாது. இரண்டொரு நாளில் போடவில்லை, அல்லது சோர்ந்து கிடக்கிறது என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். குண்டசாலையிலிருந்து தூரமில்லை. இடக் கணக்கில் இந்த மண் பேசினையும் இனிமேல் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடமும் வேண்டும்.

கேள்வி: தனியாக இருக்கிறதே என்று பாவம் பார்த்து அதே தொட்டியில் இன்னொன்று வாங்கி விட்டோம். இரண்டும் கடித்துக்கொள்கின்றன.
வாசகர், அக்குறணை

பதில்: ஆமைக்குத் துணை தேவையில்லை. பிரித்து வையுங்கள்.

கேள்வி: வேறு இடமில்லாததால் ஆமைத் தொட்டி குசினியில் இருக்கிறது. தண்ணீரை சிங்கில் ஊற்றிக் கழுவுகிறேன். மூன்று வயதுப் பேரன் அதற்கு முத்தம் கொடுத்துத்தான் படுக்கப் போவான்.
பாட்டி, கண்டி

பதில்: பாட்டியம்மா, தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். ஆமை பார்க்க எவ்வளவு சுகமாக இருந்தாலும் அதன் குடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது வயிற்றோட்டத்தோடு நிற்காது, இரத்தத்திலும் ஏறும். அமெரிக்காவில் 1975இல், நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்கவே கூடாது என்று தடை போட்டார்கள். பிள்ளைகள் வாயில் வைக்கிற அளவு அதுதான் என்பது காரணம். தொட்டியைக் குசினியிலிருந்து எடுங்கள், தண்ணீரை வெளியே ஊற்றுங்கள், பேரன் ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். முத்தம் உங்களுக்குத் தரட்டும்.

கேள்வி: மகன் வாய்க்காலில் கறுப்பு ஆமை ஒன்றைப் பிடித்து வந்தான். லயத்தில் இடமேது, வாளியில் வைத்திருக்கிறோம். திரும்ப விடச் சொன்னால் அழுகிறான்.
தகப்பன், கலஹா

பதில்: நாட்டுக் கறுப்பாமையாக இருக்கும். அதையும் வைத்திருக்க அனுமதியில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு இன்று பின்னேரமே பிடித்த அதே வாய்க்காலில், அதே இடத்தில் விடுங்கள். அந்த ஆமைக்கு எங்கே ஒளிவது, எங்கே தின்பது என்று அங்கேதான் தெரியும். இரவில் கரையேறி வரும். டோர்ச் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாளிக்குள் பார்த்ததை விடக் கூடப் பார்ப்பான்.

கேள்வி: கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகுமா?
வாசகர், தெல்தெனிய

பதில்: ஆமை கிணற்றுக்குள்ளேயே தின்று கிணற்றுக்குள்ளேயே கழிக்கும். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். ஏறி நிற்க ஒரு கல்லும் இல்லாத கிணறு ஆமைக்கும் இடமல்ல. இருந்தால் வெளியே எடுங்கள், கிணற்றுக்கு குளோரின் போடுங்கள்.

கேள்வி: சித்திரைப் புதுவருடத்துக்கு ஒரு வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். செங்காது ஆமையை என்ன செய்வது? கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.
வாசகி, தென்னக்கும்புர

பதில்: வளர்ந்த, சுகமான ஆமை ஒரு வாரம் தின்னாமல் இருக்கும். போகிற அன்று ஒரேயடியாகத் தீனியைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர்தான் அழுகும். பாதித் தண்ணீரை மாற்றி, நிழல் மறைப்பு காற்றில் விழாதபடி கட்டி, வலையைப் பூட்டிவிட்டுப் போங்கள். அக்காவிடம் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். மனம் கேட்காமல் ஏதாவது போட வேண்டுமென்றால் ஒரு பிடி கங்குங் இலை போடட்டும். பாண் போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.