ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று பாடம்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். "தம்பி, கொஞ்சம் சிரிப்பா" என்றார் போட்டோக்காரர். நான் உதட்டை மூடிக்கொண்டே சிரித்தேன். தர்மபுரிப் பக்கத்து நண்பர்கள் பலருக்கு இந்தச் சிரிப்பு தெரிந்திருக்கும். என் முன்பற்களில் காவிக் கோடுகள் உண்டு. "பல்லே வெளக்க மாட்டியாடா?" என்று கேட்காத ஆள் இல்லை. வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூள், பேஸ்ட் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கோடு போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு விடை, சுற்றுச்சூழல் பொறியியல் வகுப்பில் குடிநீர்த் தரம் பற்றிப் படித்தபோதுதான் கிடைத்தது. நிலவியல், உயிரியல், சுற்றுச்சூழல் என்று பள்ளியில் தனித்தனியாக மனப்பாடம் செய்தோமே, அந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த விடை முழுமையாகிறது.

1. பாறை

எங்கள் பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறைகள். இவற்றில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. மணலில் இருப்பதுபோல் இப்பாறையில் இடைவெளிகள் கிடையாது. ஆகவே நிலத்தடி நீர் இரண்டு இடங்களில்தான் தங்கும். ஒன்று, மேலே சிதைந்து உதிர்ந்த பகுதி. மற்றொன்று, அதற்குக் கீழே உள்ள விரிசல்கள். தாத்தா காலத்து வட்டக் கிணறு பெரும்பாலும் மேல் பகுதி நீரைத் தந்தது. இன்றைய போர் ஆழத்து விரிசல் நீரை இழுக்கிறது.

இப்பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு, புளோரைட் போன்ற கனிமங்களில் புளோரின் இருக்கிறது. விரிசலில் தண்ணீர் நெடுநாள் தங்கும்போது அது சிறிது சிறிதாகப் புளோரைடாகக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் அது புளோரைடுடன் சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, பைகார்பனேட் மிகுந்த காரத்தன்மையுள்ள நீரில்தான் புளோரைடு நிறையத் தங்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. உப்புக் கரிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கிற "நல்ல தண்ணி"யிலும் புளோரைடு அதிகம் இருக்கலாம். அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை.

2. பல்

பல்லின் மேலுறையான எனாமல், ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகங்களால் ஆனது. பாறையிலுள்ள அபடைட்டுக்கு இது நெருங்கிய சொந்தம். இந்தப் படிகத்தில் ஹைட்ராக்சில் அயனி இருக்கும் இடத்தில் புளோரைடு அயனி எளிதில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் மின்னேற்றம் ஒன்று, பருமனும் கிட்டத்தட்ட ஒன்று. புளோரைடு சிறிதளவு சேர்ந்தால் பல் சொத்தையாவது குறையும். அதனால்தான் பேஸ்டில் சேர்க்கிறார்கள்.

பல் உருவாகும் வயதில் புளோரைடு அளவுக்கு மீறினால் கதை வேறு. எனாமலை உண்டாக்கும் செல்களின் வேலை கெட்டு, எனாமல் நுண்துளைகளோடு முளைக்கிறது. முதலில் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். பிறகு காவிநிறம் ஏறும். நிலையான முன்பற்களின் எனாமல், நாம் ஏறக்குறைய 5 வயதைத் தொடுவதற்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. கடைவாய் ஞானப்பற்கள் தவிர மற்றவற்றுக்கு சுமார் 8 வயது வரை ஆகும். ஆக, என் பல்லில் இருப்பது அழுக்கே இல்லை. அதை எந்தப் பல்பொடியாலும் தேய்த்து எடுக்க முடியாது.

எலும்புக்கு இப்படி வயது வரம்பு கிடையாது. அது ஆயுள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகள் மிகுதியாகச் சேரும் புளோரைடு கழுத்து, முதுகு, மூட்டுகளை இறுகச் செய்துவிடும்.

3. அளவு

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டரில் 1.0 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை அனுமதி. ஒரு கணக்குப் போடுவோம். 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை, வெயிலில் களையெடுக்கும் ஒருவர் நாளைக்கு 4 லிட்டர் குடித்தால் உடலுக்குள் போவது 12 மில்லிகிராம். 1.0 உள்ள தண்ணீரை 2 லிட்டர் குடிப்பவருக்கு 2 மில்லிகிராம்தான். உழைப்பவனுக்குத்தான் கூடுதல் பங்கு!

இது புதிய நோயும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருப்பதை ஷார்ட் என்பவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1937-லேயே எழுதிவிட்டார்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் நலகொண்டா முறை, ஊக்குவிக்கப்பட்ட அலுமினா, எதிர் சவ்வூடு பரவல் ஆகியவற்றால் நீக்கலாம். இவற்றைவிட எளியது, குடிக்கும் தண்ணீரையே மாற்றுவது. மழைநீரைச் சேமிப்பதும் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அந்த வழியைச் சேர்ந்தவை.

எங்கள் ஊர்க் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தபோது எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது. என் முன்பற்களுக்கு அது தாமதம். அதன் பிறகு பிறந்த என் தங்கைக்குப் பற்கள் வெள்ளை வெளேர் என்று இருக்கின்றன. வீடு அதே வீடு, களி அதே களி. மாறியது தண்ணீர் மட்டும்தான்.

ஆனால் போன கோடை விடுமுறையில் அவள் அம்மாவோடு காட்டுக்குப் போய், அங்கே போர் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எட்டு வயது ஆகவில்லை. "நாங்க குடிக்காத தண்ணியாடா? இனிப்பா இருக்குது" என்றார் அம்மா. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் சொல்வதை, புத்தகத்தைக் காட்டி நம்பவைக்க முடியாது. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து நம் ஆய்வகத்தில் சோதித்தேன். அளவு 1.5-ஐத் தாண்டியிருந்தது. எண்ணைச் சொன்னேன், அம்மா பேசவில்லை. என் பல்லைக் காட்டினேன். மறுநாளிலிருந்து காட்டுக்கு வீட்டுக் குடம் போகிறது.

நண்பர்களே! போர் போட்டால் ஊரில் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். "எத்தன அடி? எத்தன இஞ்சு தண்ணி?" நாளை பொறியாளர்களாகப் போகும் நாம் மூன்றாவது கேள்வியையும் கேட்போம்: "புளோரைடு எவ்வளவு?" இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் ஒரு லிட்டர் பிடித்துவந்து சோதித்துப் பாருங்கள். ஊரில் எட்டு வயது ஆகாத குழந்தைகள் நிறையப் பேர் இருப்பார்கள்.