தாய்ப்பாம்பு தரும் சூடு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். ஆயினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாம்பை நாய், பூனை போல வீட்டில் வளர்ப்போர் பலர் உளர். அவர்கள் விரும்பி வளர்ப்பவற்றுள் ஒன்று போவா கன்ஸ்டிரிக்டர். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்வது, நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. நம் மலைப்பாம்பும் அவ்வாறே செய்வதால் இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் உண்டு. மலைப்பாம்பு முட்டையிடும், போவாவோ குட்டி ஈனும்.

பாம்புக்குச் சுற்றுப்புறத்தின் வெப்பமே உடல் வெப்பம். அப்படியாயின், வயிற்றில் குட்டிகளைச் சுமக்கும் போவா என்ன செய்யும்? வெயில் படும் இடமாகத் தேடித் தேடிப் படுத்திருக்கும். அடைத்து வளர்ப்போர் இதை அறிந்து, கூண்டின் ஒரு கோடியில் 31 டிகிரி செல்சியஸ் அளவு சூடும், மறு கோடியில் சற்றுக் குளிர்ச்சியும் இருக்குமாறு அமைக்கின்றனர். வேண்டியபோது தாயே இடம் மாறிக்கொள்ளும். ஓர் ஈற்றில் 25 குட்டிகள்கூடப் பிறக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும்!

மலைப்பாம்பின் கதை இன்னும் சுவையானது. தாய் தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கிறது, அப்போது அதன் உடல் சுடுகிறது என்று, இந்தியாவில் தாம் கண்டதை 1832இல் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அறிஞர்களிடம் கூறினார். அவர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் நகரிலேயே அடைபட்டிருந்த ஒரு மலைப்பாம்பு அடைகாத்தது. வெப்பமானி உண்மையைச் சொல்லிவிட்டது. தாய் தன் தசைகளை விட்டு விட்டு நடுங்கச் செய்தே சூடு உண்டாக்குகிறது என்பது 1966இல் நியூயார்க்கில் அளந்து காட்டப்பட்டது. படையை நடுங்க வைக்கும் பாம்பு, முட்டைக்காகத் தானே நடுங்குகிறது! கிண்டியில் 1972இல் அமைந்த பாம்புப் பண்ணையிலும் மலைப்பாம்புகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துள்ளன.

போவாவுக்கு நம் பக்கத்திலும் ஓர் உறவு உண்டு. அதுதான் மண்ணுளிப் பாம்பு என்னும் இருதலை மணியன். தேரி மணல் போன்ற இளகிய மண்ணே அதற்கு வீடு. தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் நினைவாக அதற்கு 'எரிக்ஸ் ஜானி' என்று அறிவியற் பெயர் இட்டனர். இதுவும் குட்டி ஈனுவதே. இருப்பது ஒரு தலைதான். மழுங்கிய வால் இன்னொரு தலைபோலத் தோன்றும். ஆபத்து வந்தால் தலையை ஒளித்து வாலைக் காட்டும்.

இதை வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி, எடை பார்த்து விலை பேசிக் கடத்துகின்றனர். பாம்பால் பணம் பெருகுவது தரகருக்கு மட்டுமே. சாக்கிலும் தகரப் பெட்டியிலும் அடைபட்ட தாய்க்கு வெயில் தேட வழி ஏது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அயல்நாட்டுப் போவாவை வைத்திருப்போரும், 2022இல் வந்த திருத்தத்தின்படி, அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.

மாணவியரே, பனந்தோப்பிலோ தோட்டத்திலோ மண்ணைக் கிளறும்போது இருதலை மணியன் வெளிப்பட்டால், அது எலி தேடி வந்தது என்று அறிக. வீட்டுப் பெரியவர்களிடம் கூறி வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை தம்பிமார் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.