எஞ்சி நிற்பவர் யார்?

மேசையைச் சுற்றி நான்கைந்து நண்பர்கள் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் கதை சொல்கிறார்; மற்றவர்கள் அக்கதையின் மாந்தர்களாகப் பாகமேற்றுப் பேசுகின்றனர். வாள்வீச்சு பலித்ததா, பூட்டு திறந்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்கிறது. இதுவே பாகமேற்பு விளையாட்டு. இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். தொடக்கத்தில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகைப் பாத்திரங்களே அதில் இருந்தன. 2014ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் பதிப்பின் கையேட்டிலோ பாணர், துறவி, கள்வர் உட்பட 12 வகைகள் இடம்பெற்றன.

இந்தப் பன்னிரண்டில் சிறந்தது எது? இக்கேள்வியை எழுப்பினால் இரசிகர்களிடையே விவாதம் ஓயாது. எனவே, அவர்கள் அதனையும் ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டனர். அதன் பெயர் நீக்கல் வாக்கெடுப்பு. விதிகள் குழுவுக்குக் குழு சற்றே மாறுபடும். எடுத்துக்காட்டாக, இவ்வாறு ஒரு விதியைக் கொள்ளலாம்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 20 புள்ளிகள் உண்டு. ஒவ்வோர் இரசிகரும் ஒரு நாளில் ஒரு முறை வாக்களிக்கலாம். தமக்குப் பிடித்த பாத்திரத்துக்கு 1 புள்ளியைக் கூட்டி, பிடிக்காத பாத்திரத்திலிருந்து 2 புள்ளிகளைக் கழிக்க வேண்டும். புள்ளிகள் அனைத்தையும் இழந்த பாத்திரம் ஆட்டத்திலிருந்து வெளியேறும். இறுதியில் எஞ்சி நிற்பதே வெற்றி பெறும்.

இந்த எளிய விதிக்குள் சுவையான கணிதம் ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் மொத்தப் புள்ளிகள் 12 x 20 = 240. ஒவ்வொரு வாக்கிலும் 1 கூடி 2 குறைவதால், மொத்தத்தில் 1 புள்ளி குறைகிறது. வெற்றி பெறும் பாத்திரம் 30 புள்ளிகளோடு நிற்பதாகக் கொண்டால், அதற்குள் ஏறக்குறைய 210 வாக்குகள் பதிவாகியிருக்கும். பதினைந்து பேர் நாள்தோறும் வாக்களித்தால், ஆட்டம் இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். மொத்தப் புள்ளிகள் குறைந்துகொண்டே வருவதால், ஆட்டம் முடிவின்றி நீளாது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

அடுத்து, யார் நிலைப்பார் என்பதைப் பார்ப்போம். முதல் 100 வாக்குகளில் மந்திரவாதிக்கு ஆதரவாக 20 பேரும் எதிராக 15 பேரும் வாக்களித்தனர் என வைத்துக்கொள்வோம். அவருக்கு 20 புள்ளிகள் கூடும். 30 புள்ளிகள் குறையும். இருபதில் தொடங்கிய அவர் பத்துக்கு இறங்கிவிடுவார். பாணருக்கோ ஆதரவாக நால்வரும் எதிராக ஒருவரும் மட்டுமே வாக்களித்தனர். அவருக்கு 4 கூடி, 2 குறைந்து, 22 புள்ளிகள் இருக்கும். மந்திரவாதியை விரும்புவோர் பாணரை விரும்புவோரைவிட ஐந்து மடங்கு அதிகம். ஆயினும், முன்னணியில் நிற்பவர் பாணரே! ஒரு பாத்திரம் தன் புள்ளிகளை இழக்காமல் இருக்க வேண்டுமெனில், அதனை எதிர்ப்போரைப் போல் இருமடங்கினர் அதனை ஆதரிக்க வேண்டும். ஆகவே, இவ்விதியின்படி எஞ்சி நிற்பது பலராலும் விரும்பப்படும் பாத்திரமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது எவராலும் வெறுக்கப்படாத பாத்திரமாகவே இருக்கும்.

ஆக்குவது கடினம், அழிப்பது எளிது என்பதையும் இவ்விளையாட்டு காட்டுகிறது. பத்துப் பேர் கூடிப் பேசி ஒரே பாத்திரத்தைத் தாக்கினால், அதன் 20 புள்ளிகளும் ஒரே நாளில் கரைந்துவிடும். அத்தாக்குதலுக்கு ஈடுகொடுக்க 20 ஆதரவாளர்கள் வேண்டும். பதினைந்து பேர் கொண்ட குழுவில் அத்தனை பேருக்கு எங்கே போவது? எனவே, ஒரு சிறு கூட்டணி நினைத்தால் முடிவையே மாற்றிவிட முடியும்.

இறுதியில் மூன்று பாத்திரங்கள் மட்டும் எஞ்சும்போது ஒரு புதிர் தோன்றலாம். பதினைந்து பேரும் ஐவர் ஐவராக மூன்று அணிகளாய்ப் பிரிந்திருப்பதாகக் கொள்வோம். முதல் அணியின் விருப்ப வரிசை மந்திரவாதி, போர்வீரர், பாணர். இரண்டாம் அணிக்குப் போர்வீரர், பாணர், மந்திரவாதி. மூன்றாம் அணிக்குப் பாணர், மந்திரவாதி, போர்வீரர். இப்போது இருவர் இருவராக ஒப்பிட்டால், போர்வீரரைவிட மந்திரவாதியைப் பத்துப் பேர் விரும்புகின்றனர். பாணரைவிடப் போர்வீரரைப் பத்துப் பேர் விரும்புகின்றனர். மந்திரவாதியைவிடப் பாணரையும் பத்துப் பேர் விரும்புகின்றனர்! ஆகவே, பாணர் முதலில் நீக்கப்பட்டால் மந்திரவாதி வெல்வார்; மந்திரவாதி நீக்கப்பட்டால் போர்வீரர் வெல்வார்; போர்வீரர் நீக்கப்பட்டால் பாணர் வெல்வார். எவருடைய விருப்பமும் மாறவில்லை. நீக்கப்படும் வரிசை மட்டுமே மாறியது. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே இம்முரணை 1785ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

நீக்கல் முறை விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டியை நடத்தும் நகரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு, 2005ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் சிங்கப்பூரில் நடைபெற்றது. அங்குப் புள்ளி கழிக்கும் விதி இல்லை; ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த வாக்குகள் பெற்ற நகரம் விலக்கப்பட்டது. முதல் சுற்றில் மாஸ்கோ வெளியேறியது. இரண்டாம் சுற்றில் மட்ரிட் 32 வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. லண்டன் 27, பாரிஸ் 25, நியூயார்க் 16 வாக்குகள் பெற்றன. நியூயார்க் வெளியேறிய பின், அதன் ஆதரவாளர்களின் வாக்குகளுக்குப் புதிய இடம் தேவைப்பட்டது. மூன்றாம் சுற்றில் லண்டன் 39, பாரிஸ் 33, மட்ரிட் 31 எனக் கணக்கு மாறியது. முந்திய சுற்றில் முதலிடத்தில் இருந்த நகரம் அடுத்த சுற்றிலேயே வெளியேறியது! இறுதிச் சுற்றில் லண்டன் 54க்கு 50 என்ற கணக்கில் பாரிஸை வென்றது.

வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது முதல் கல்விச் சுற்றுலாவுக்கான இடத்தை முடிவு செய்வது வரை, மாணவர்களும் பல வேளைகளில் வாக்களிக்கின்றனர். "பெரும்பான்மையினர் விரும்பினர்" என்று முடிவை அறிவிப்பது எளிது. ஆனால், அம்முடிவை உருவாக்கியவை வாக்குகள் மட்டுமல்ல. அவற்றை எண்ணிய விதியுந்தான். ஆகவே, தோற்றவரும் மனமுவந்து ஏற்கும் முடிவு வேண்டுமெனில், விதியை வாக்கெடுப்புக்கு முன்னரே அனைவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். பகடையை உருட்டிய பிறகு ஆட்டவிதியை மாற்றுவது முறையன்று.

சிந்தித்து விடையளித்திடுக.

1. மந்திரவாதிக்கு அதிக ஆதரவாளர்கள் இருந்தும் அவர் பாணரைவிடப் பின்தங்கியது ஏன்?

2. ஒவ்வொரு வாக்கிலும் 1 புள்ளியைக் கூட்டி, 1 புள்ளியை மட்டும் கழிக்க வேண்டும் என விதியை மாற்றினால், மொத்தப் புள்ளிகள் என்னவாகும்? ஆட்டம் எவ்வாறு பாதிக்கப்படும்?

3. உன் வகுப்பில் சுற்றுலாவுக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்க எத்தகைய வாக்களிப்பு விதி பொருத்தமானது? காரணங்களுடன் விளக்கிடுக.