ஒரே வாள் இரண்டு பைகளில் ஏறாதிருக்க

ரோல்-பிளேயிங் விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆடும்படி மாற்றுகிறவர்கள் முதலில் மல்லுக்கட்டுவது பாத்திரங்களின் நடையோடுதான். நடை சற்றுத் துள்ளினால் யாருக்கும் நஷ்டமில்லை. வாள் ஒன்று இரண்டானால் விளையாட்டின் சந்தையே படுத்துவிடும். 1996-இல் வந்த டயப்லோ விளையாட்டு, பாத்திரங்களை ஆடுபவரின் கணினியிலேயே சேமித்தது. நகல் பொருட்கள் மலிந்தன. 2000-இல் வந்த இரண்டாம் பாகம், பேட்டில்.நெட் என்ற அதன் இணையச் சேவையின் மூடிய பிரிவில் பாத்திரங்களை சர்வருக்கு மாற்றியது. அங்கும் நகல் முழுதாக ஒழியவில்லை. ஆகவே, சர்வர் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இங்கே கோடோ 4 எஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வகையையும் பொருளையும் பிரியுங்கள். 'இரும்பு வாள்' என்ற வகையின் படம், எடை, தாக்குதிறன் எல்லார் கணினியிலும் இருக்கலாம். ஒவ்வொரு தனி வாளுக்கும் சர்வர் ஓர் எண் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு ஒரே வரி. அதில் 'எங்கே இருக்கிறது' என்று ஒரே கட்டம்: தரை, பெட்டி அல்லது இன்னாரின் பை. வாள் கைமாறுவது பட்டா பெயர் மாறுவது போலத்தான். நிலம் புதிதாக முளைப்பதில்லை. பைக்கு ஒரு பட்டியல், தரைக்கு இன்னொன்று என்று வைத்தால், ஒன்றில் சேர்த்து மற்றதில் நீக்க மறக்கும் நாள் வந்தே தீரும்.

அடுத்து, கிளையன்ட் கேட்க மட்டுமே செய்யட்டும். "17-ஆம் பொருளை எடுக்கலாமா?" என்பதோடு அதன் உரிமை முடிந்தது. கோடோவில் இந்தக் கோரிக்கையை ஏற்கும் ஆர்பிசி (தொலைவிலிருந்து அழைக்கப்படும்) ஃபங்ஷனை எந்தக் கிளையன்ட்டும் அழைக்கும்படி திறந்துவிட வேண்டியிருக்கும். அழைத்தவர் யார் என்பதை எஞ்சினிடமே கேளுங்கள். ஆடுபவரின் எண்ணை அவரே அனுப்பும்படி எழுதினால், அடுத்தவர் பெயரில் எவரும் கேட்கலாம். பொருள் இன்னும் தரையில்தான் இருக்கிறதா, அவர் அருகில் நிற்கிறாரா, பையில் இடமுண்டா என்று பார்த்த பிறகே சர்வர் கட்டத்தை மாற்றட்டும். இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் முந்திய கோரிக்கைக்குப் பொருள். பிந்தியவருக்கு மறுப்பைத் தவறாமல் அனுப்புங்கள். இல்லையேல் அவர் திரை பதிலுக்குக் காத்தே கிடக்கும்.

நடைக்கு நம்பகமற்ற அனுப்புமுறை போதும், பழைய பாக்கெட் தொலைந்தால் தொலையட்டும். பொருட்களுக்கு நம்பகமான முறையும் தனிச் சேனலும் வேண்டும். மாறும் மதிப்புகளைத் தானாகவே மற்றவர்களுக்கு அனுப்பும் கோடோவின் மல்டிபிளேயர் சிங்க்ரனைசரைப் பைக்குப் பயன்படுத்த ஆசை வரும், நான் செய்யமாட்டேன். யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தாவிட்டால், ஒருவர் பையிலுள்ளது எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஒவ்வொரு பைக்கும் ஒரு வரிசை எண் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை ஒன்று கூட்டுங்கள். தாமதமாகச் சேர்பவருக்கும் இணைப்பு அறுந்து திரும்புபவருக்கும் முழுப் பையையும் அப்போதைய எண்ணையும் அனுப்பி, அதற்குப் பிந்திய மாற்றங்களை மட்டும் தொடர்ந்தால் போதும். கோரிக்கைக்கும் தனி எண் இருந்தால், மறுபடி அனுப்பப்பட்ட "மருந்து குடி" இரண்டு மருந்துகளை விழுங்காது.

பெரும்பாலான நகல்கள் பிறக்குமிடம் சேமிப்பு. ராமு வாளைக் கீழே போடுகிறான், சீதா எடுக்கிறாள். சீதாவின் பை சேமிக்கப்பட்டு, ராமுவுடையது சேமிக்கப்படும் முன் சர்வர் விழுந்தால், எழும்போது இருவரிடமும் வாள். ஆளுக்கொரு கோப்பாகச் சேமிப்பதன் வினை இது. பொருளுக்கொரு வரி இருந்தால் இந்த இடைவெளியே இல்லை. பண்டமாற்றில் இரு வரிகளும் ஒரே டிரான்சாக்‌ஷனில் மாற வேண்டும். சிறு சர்வருக்கு எஸ்க்யூலைட் டேட்டாபேஸே தாங்கும். பண்டமாற்றில் தர வைத்ததை ஒருவர் மாற்றினால், இருவரும் அதுவரை கொடுத்த 'சரி' ரத்தாகட்டும். கடைசி நொடியில் நல்ல வாளை உருவிக்கொள்ளும் தந்திரம் அங்கேதான் நடக்கும்.

சோதிக்க, லினக்ஸின் நெட்எம் வசதியால் லூப்பேக்கில் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பில்) 100 மில்லிநொடி தாமதமும் 5 சதவீதப் பாக்கெட் இழப்பும் சேருங்கள். போக வரத் தாமதம் 200 மில்லிநொடி ஆகும். பண்டமாற்று நடக்கும்போதே சர்வரைக் கொன்று, மீண்டும் எழுப்பி, மொத்தப் பொருட்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எங்கோ எழுதுகிறீர்கள்.